லாக் நட் சாவி இல்லை: 1997 டிஸ்கவரி, அலாய் வீல். எங்கிருந்து தொடங்குவது?

மண்தடம்97:

வண்டி 1997 லேண்ட் ரோவர் டிஸ்கவரி, 300 டிடிஐ டீசல் எஞ்சின், கம்பெனி அலாய் வீல். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு, பின்கதவு ஸ்டெப்னியில் ஒன்று, ஆக ஐந்து லாக் நட் (தனிச் சாவி போட்டால் மட்டும் கழலும், சக்கரத் திருட்டைத் தடுக்கும் நட்). சாவி இல்லை. சாவி எண் எழுதிய அட்டையும் வண்டிப் புத்தகப் பையில் இல்லை.

முன் இடது சக்கரத்தில் மட்டும் ஏற்கெனவே கை வைத்தாயிற்று. 12 முனை சாக்கெட் ஒன்றை நட்டின் மேல் சுத்தியலால் அடித்து இறக்கித் திருப்பியதில், மேலே இருந்த பளபளப்பான உறை கிழிந்து அது மட்டும் சுற்றுகிறது. உள்ளே இருப்பது இம்மியும் அசையவில்லை. மற்ற மூன்று சக்கரமும் ஸ்டெப்னியும் தொடாமல் அப்படியே இருக்கின்றன.

கிழிந்த உறையின் இடுக்கில் வெர்னியர் வைத்துப் பார்த்தால் உள் நட்டின் வெளிவிட்டம் 25.0 மி.மீ. காட்டுகிறது. அலாயில் நட் உட்காரும் குழி ஆழமானது, சுற்றிலும் இடம் குறைவு.

எண் தெரியாமல் சாவி வாங்க வழியுண்டா? இல்லை, ஐந்தையும் அடித்துத்தான் எடுக்க வேண்டுமா? அடிப்பதென்றால் எந்த அளவு சாக்கெட்? கெட்டுப்போன அந்த ஒன்றை என்ன செய்வது?

---

ஸ்பானர்செட்:

சுத்தியலைக் கீழே வையுங்கள் சார். ஐந்தில் நான்கை அடிக்காமலே எடுத்துவிடலாம்.

முதலில் அந்த உறை. அந்தக் காலத்து லேண்ட் ரோவர் லாக் நட்டுகள் பலவற்றில் மேலே மெல்லிய எஃகு மூடி ஒன்று உண்டு. அதைத் தனிக் கொக்கியால் இழுத்து எடுத்த பிறகுதான் சாவி போடும் முகமே தெரியும். உங்களிடம் சுற்றுவது அந்த மூடி. சாக்கெட் பிடித்தது மூடியைத்தான், நட்டை இல்லை. அதனால் நட்டின் சாவிப் பள்ளம் இன்னும் கெடாமல் இருக்க வாய்ப்பு அதிகம். கிழிந்த தகட்டை மூக்கு பிளையரால் சுருட்டி இழுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது ஸ்டெப்னி. ஐந்தும் ஒரே செட்டாக வந்திருந்தால் ஐந்துக்கும் ஒரே சாவிதான். ஸ்டெப்னி நட் கண் மட்டத்தில் இருக்கிறது, குனிய வேண்டாம், பிரேக் தூசி கிடையாது. சாவியின் வடிவத்தைப் படிக்க அதைவிட நல்ல இடம் வண்டியில் இல்லை.

செய்ய வேண்டியது இது. மூடியை மெல்லிய தட்டை ஸ்குரூ டிரைவரால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நெம்பி எடுங்கள். சக்கரத்தில் கோடு விழாமல் இருக்க, ஸ்குரூ டிரைவருக்கு அடியில் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை வையுங்கள். உள்ளே சேறும் துருவும் கெட்டியாக உறைந்திருக்கும். பிரேக் கிளீனர் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஊசியால் பள்ளத்தின் அடிவரை சுரண்டுங்கள். இந்த இடத்தில் பொறுமை வேண்டும். அரை மில்லி துரு அடியில் இருந்தால்கூட சரியான சாவியும் முழுதாக உட்காராது, திருப்பும்போது வழுக்கி விளிம்பைத் தின்றுவிடும்.

சுத்தமானதும் நட்டின் முகத்தில் எழுத்தோ எண்ணோ இருக்கிறதா பாருங்கள். சில வகைகளில் நட்டிலேயே குத்தியிருப்பார்கள், சிலவற்றில் சாவியில் மட்டும்தான். இருந்தால் வேலை முடிந்தது, அந்தக் குறியைச் சொல்லிச் சாவி கேட்கலாம்.

இல்லாவிட்டால் இரண்டு சான்று எடுங்கள். ஒன்று, நேர் எதிரே நின்று எடுத்த படம். நட்டின் பக்கத்தில் ஸ்கேலை அதே மட்டத்தில் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும், சாய்ந்து எடுத்தால் அளவு பொய் சொல்லும். இரண்டு, அச்சு. பள்ளத்தில் லேசாக எண்ணெய் தடவி, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி அழுத்தி, ஃப்ரிட்ஜில் வைத்த ஐஸ் பாக்கெட்டைச் சிறிது நேரம் மேலே பிடித்தால் களிமண் இறுகும், அப்போது நேராக இழுத்தால் விளிம்பு கெடாமல் வரும். களிமண் சாவி விற்பவருக்குக் காட்ட மட்டும். பட்டறையில் சாவி செய்யக் கொடுப்பதென்றால் இரண்டு பொருள் கலந்து பிசையும் எபாக்ஸி மக்கு நல்லது, சுருங்காது. ஆனால் எண்ணெய் தடவாமல் வைத்துவிட்டால் அந்த மக்கே உங்களுக்கு இரண்டாவது லாக் ஆகிவிடும்.

அந்தப் படத்தோடு பழைய லேண்ட் ரோவர் உதிரி பாகம் விற்பவர்களிடம் கேளுங்கள். மாஸ்டர் சாவிப் பெட்டி என்று பதினைந்து இருபது வடிவங்கள் சேர்ந்த செட் வைத்திருக்கும் டயர் பட்டறைகளும் உண்டு. அங்கே போட்டுப் பார்க்கும்போது ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: சாவி கையாலேயே அடிவரை போக வேண்டும், போன பின் இடமும் வலமும் ஆட்டினால் ஆடக் கூடாது. “கிட்டத்தட்ட பொருந்துது, ஒரு தட்டு தட்டினா போயிடும்” என்பார்கள். அந்த ஒரு தட்டில்தான் நல்ல நட் கெட்டுப்போகிறது.

---

தீப்பொறி:

இவ்வளவு எதுக்கு பாஸ். நட் மேல இன்னொரு நட்டை வச்சு வெல்டு அடிங்க, சூட்டோட திருப்புங்க. நட்டுக்கு அஞ்சு நிமிஷம்.

---

லேத்மேடை:

@தீப்பொறி, ஸ்டீல் வீலாக இருந்து, டயரைக் கழற்ற முடிந்திருந்தால் நானும் அதையே சொல்வேன். இங்கே அலாய், டயர் ரிம்மில் இருக்கிறது, குழி ஆழம். மூன்றுமே தப்பான பக்கம்.

டயர் மாட்டிய ரிம்மை வெல்டிங்காலோ கேஸாலோ சூடாக்கினால், உள்பக்க ரப்பர் கருகி எரிவாயு உண்டாகும். அது பற்றினால் டயர் வெடிக்கும். வால்வு ஊசியைப் பிடுங்கிக் காற்றை விட்டுவிட்டாலும் அந்த ஆபத்து போய்விடாது, ஏனென்றால் வெடிப்பது நீங்கள் அடைத்த காற்று அல்ல, உள்ளே புதிதாக உண்டாகும் வாயு. அலாயோ இன்னொரு சிக்கல். அலுமினியம் நிறம் மாறாது. எஃகு போலச் சிவந்து எச்சரிக்கை தராது. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சிறிது நேரம் இருந்தாலே நட் உட்காரும் கூம்புப் பகுதி இளகி வலு குறையத் தொடங்கும். பார்க்க எதுவும் தெரியாது, பிறகு நட் அடிக்கடி லூஸ் ஆகும்.

வேறு வழியே இல்லாமல் ஸ்டீல் வீலில் வெல்டு வைக்கிறவர்கள் கவனிக்க: பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எர்த் கிளிப்பை அதே சக்கரத்தின் இன்னொரு நட்டில் மாட்ட வேண்டும். சேஸிஸில் மாட்டினால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் போய் ரோலரில் புள்ளி புள்ளியாகச் சுட்டுவிடும். நட் மேல் பூச்சு இருந்தால் அதை முதலில் தேய்த்து எடுங்கள், துத்தநாகப் புகை நுரையீரலுக்கு ஆகாது. 7018 ராடு போதும். லாக் நட்டின் மேல்தோல் கடினப்படுத்திய எஃகு என்பதால் முதல் வெல்டு ஆறும்போது விரிசல் விட்டுக் கையோடு வந்துவிடுவது சாதாரணம்.

இனி சாக்கெட் அளவு. இதைத்தான் பலரும் குத்துமதிப்பாகச் செய்து கெடுக்கிறார்கள். 24 மி.மீ. சாக்கெட் 25 மி.மீ. நட்டைக் கடிக்கும் என்று தோன்றும், கடிக்காது. 12 முனை சாக்கெட்டில் பொறித்திருக்கும் அளவு எதிரெதிர்த் தட்டைகளுக்கு இடையிலான தூரம். உருண்டையான நட்டைக் கடிப்பது உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பற்களின் நுனி. அந்த நுனிகள் தொடும் வட்டத்தின் விட்டம், பொறித்த அளவைப்போல 1.035 மடங்கு.

24 மி.மீ. சாக்கெட்டுக்கு நுனி வட்டம் 24.85. உங்கள் 25.0 நட்டில் அது கடிப்பது விட்டத்தில் 0.15 மி.மீ., அதாவது பக்கத்துக்கு 0.08 மி.மீ.கூட இல்லை. வழுக்கத்தான் செய்யும். 23 மி.மீ. சாக்கெட்டுக்கு 23.8, கடி 1.2 மி.மீ. இது அதிகம். அடித்தால் இறங்காது, இறங்கினால் சாக்கெட் பிளக்கும். இரண்டுக்கும் நடுவே 15/16 அங்குல சாக்கெட் இருக்கிறது. அது 23.81 மி.மீ., நுனி வட்டம் 24.65, கடி 0.35 மி.மீ. உங்களுக்கு வேண்டியது அதுதான். பழைய அங்குல செட்டைத் தூக்கிப் போட்டவர்கள் வருத்தப்படும் இடம் இது. பொதுவாக விட்டத்தில் 0.3 முதல் 0.6 வரை கடி கிடைக்கும் சாக்கெட்டைத் தேடுங்கள்.

வாங்கிய சாக்கெட்டின் வாய் விளிம்பைப் பாருங்கள். நட் எளிதாக நுழைவதற்காக உள்பக்கம் ஒன்றிரண்டு மில்லிக்குச் சரிவாகச் சீவியிருக்கும். லாக் நட்டின் பிடிப்பு உயரமே குறைவு, அதில் இரண்டு மில்லி வீணாகப் போகக் கூடாது. கிரைண்டரில் அந்தச் சரிவு மறையும்வரை வாயைத் தேய்த்துவிடுங்கள். பற்கள் விளிம்பிலிருந்தே தொடங்கும்.

---

மண்தடம்97:

@லேத்மேடை, போட்டு வழுக்கியது 24தான். காரணம் இப்போது புரிகிறது.

கிழிந்த மூடியை எடுத்துவிட்டேன். உள்ளே நட் முகத்தில் சாவிப் பள்ளம் முழுதாக இருக்கிறது, ஒரு விளிம்பில் மட்டும் சின்ன நசுங்கல். ஸ்டெப்னி நட்டின் மூடியும் வந்தது. எழுத்து எதுவும் இல்லை. படம் எடுத்து இரண்டு இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். சாவி கிடைத்தால் இம்பாக்ட் கன்னில் (அடித்து அடித்துத் திருப்பும் கருவி) போட்டு எடுக்கலாமா?

---

ஸ்பானர்செட்:

கன்னில் மட்டும் போடாதீர்கள். லாக் நட் சாவிகள் உடைவது பெரும்பாலும் கன்னில்தான். சாவியின் பல் மெல்லியது, அது சீரான இழுப்பைத் தாங்கும், நொடிக்குப் பல முறை விழும் அடியைத் தாங்காது. ஒரு பல் உடைந்து பள்ளத்துக்குள் சிக்கிக்கொண்டால் அந்த நட்டுக்கு இனி எந்தச் சாவியும் போகாது.

முறை இது. சக்கரம் தரையில் இருக்க வேண்டும். நசுங்கல் இருக்கும் நட்டில், சாவி போடும் முன் ஊசி அரத்தால் அந்தப் பிசிறை மட்டும் எடுங்கள். சாவியை உட்கார வைத்து, ரப்பர் சுத்தியால் இரண்டு தட்டு. எக்ஸ்டென்ஷன் கம்பி போட்டு, அதன் வெளிமுனைக்குக் கீழே ஆக்ஸில் ஸ்டாண்டோ மரக்கட்டையோ முட்டுக் கொடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முட்டு இல்லாவிட்டால் நீங்கள் அழுத்தும் பாரத்தில் எக்ஸ்டென்ஷன் கீழே சாயும், சாவி கோணலாகி ஒரு பக்கம் பள்ளத்திலிருந்து எழும்பும். 600 முதல் 750 மி.மீ. நீளமுள்ள பிரேக்கர் பார் (சாக்கெட்டைத் திருப்பும் நீளக் கைப்பிடி) போதும். ஒரு கை சாவியை நட்டோடு அழுத்தட்டும், மறு கை நிதானமாக இழுக்கட்டும். வெட்டி இழுக்காதீர்கள்.

வரிசையும் முக்கியம். நான்கு சாதா நட்டையும் கழற்றிவிட்டுக் கடைசியில் லாக்குக்கு வருவதுதான் எல்லோர் பழக்கமும். அது தலைகீழ். மற்ற நான்கும் தளர்ந்தால் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் பாரம் மொத்தமும் அந்த ஒற்றை லாக் நட்டின் மரையிலும் கூம்பிலும் விழுகிறது. ஏற்கெனவே பிடிவாதமான நட் இன்னும் இறுகும். சாதா நட்டுகளை 130 நியூட்டன் மீட்டருக்கு ஒருமுறை இறுக்கிவிட்டு, லாக்கை முதலில் எடுங்கள். பழைய ஆள் யாராவது குறைவாக இறுக்கியிருந்தால், இதில் மட்டுமே லாக் கொஞ்சம் இளகிவிடும்.

துருவெடுக்கும் எண்ணெயை நம்பி ஒரு நாள் காத்திருக்காதீர்கள். உங்கள் நட் முகம் மூடியது, முன்னாலிருந்து எண்ணெய் மரைக்குப் போக வழியில்லை. அடிக்கும் எண்ணெய் குழியில் வழிந்து பிரேக் டிஸ்க்கில்தான் இறங்கும்.

---

ஏற்றஇறக்கம்:

குறுக்கே ஒன்று, யாரும் சொல்லாததால். இந்த வண்டியின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் (முன் பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) பின்பக்கத்தில் ஒரு டிரம் இருக்கிறது, அதைப் பிடிக்கிறது. அதாவது பிடிபடுவது பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட். நீங்கள் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிய நொடியில், தூக்கிய சக்கரம் டிஃபரன்ஷியல் வழியாக எதிர்த்திசையில் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். ஹேண்ட்பிரேக் முழுதாகப் போட்டிருந்தும் வண்டி நகரும். அதே நேரத்தில் நீங்கள் பிரேக்கர் பாரில் தொங்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே டிஃப் லாக் (முன் பின் ஷாஃப்டுகளை ஒன்றாகப் பூட்டுவது) போடுங்கள், டேஷ்போர்டில் அதன் விளக்கு எரிகிறதா பாருங்கள். லீவரைத் தள்ளினால் மட்டும் போதாது, பல் சேர வண்டி ஓரடி உருள வேண்டியிருக்கும். சேர்ந்துவிட்டால் முன் ஆக்ஸிலும் ஹேண்ட்பிரேக்கோடு பிடிபடும். அப்போதும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டைச் சேர்த்துத் தூக்கினால் பழைய கதைதான். எதிர்ப் பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. ஜாக்கி ஆக்ஸில் குழாயின் அடியில்.

---

வில்லிஸ்பிரியர்:

கேள்விக்குள் கேள்வி, மன்னிக்கவும். பழைய வில்லிஸ் ஜீப், இடது பக்க நட்டுகள் எவ்வளவு இழுத்தாலும் வரவில்லை. லாக் இல்லை, சாதா நட்தான். இதே வழிதானா?

---

லேத்மேடை:

நிறுத்துங்கள், நீங்கள் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கால வில்லிஸில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடமரை. கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். ஸ்டட்டின் (நட் ஏறும் மரைக் கம்பி) நுனியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தால் பல வண்டிகளில் எல் என்ற எழுத்து தெரியும். இடையில் யாராவது ஹப்பையோ ஸ்டட்டையோ மாற்றியிருந்தால் அதே பக்கத்தில் வலமரையும் கலந்திருக்கலாம், அதனால் ஒவ்வொரு சக்கரத்திலும் மரையின் சாய்வைக் கண்ணால் பார்த்துவிட்டு இழுங்கள்.

---

மண்தடம்97:

சாவி வந்தது. படத்தை வைத்தே ஒரு பழைய சாவியைத் தேடி எடுத்து அனுப்பினார்கள். கையால் அடிவரை போகிறது, ஆட்டம் இல்லை. ஸ்டெப்னியும் பின் இரண்டும் முன் வலதும் கழன்றன.

முன் இடதுதான் பாக்கி. நசுங்கிய விளிம்பை அரத்தால் சரிசெய்தும் சாவி பாதி ஆழம்தான் போகிறது. அழுத்திப் பிடித்து இழுத்ததில் வழுக்கி, பள்ளத்தின் இரண்டு மூலை வட்டமாகிவிட்டது. இப்போது 15/16 அடிக்கலாமா?

---

லேத்மேடை:

அடிக்கலாம். அதற்கு முன் தலைகீழ் மரை சாக்கெட் ஒன்று கிடைக்கிறதா பாருங்கள். உள்ளே பற்களுக்குப் பதில் இடப்பக்கமாக முறுக்கிய கத்திகள் இருக்கும். கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப அது நட்டுக்குள் தன்னையே இறுக்கிக்கொண்டு ஏறும். 12 முனை சாக்கெட் அடித்து உட்கார வைத்ததோடு சரி, அதன்பின் அதன் பிடி கூடாது. இது இழுக்க இழுக்கக் கூடும். அளவைத் தேர்ந்தெடுக்கும்போது நட்டின் விட்டத்தைவிடக் கொஞ்சம் சின்னது, கையால் வைத்தால் வாயில் நின்று உள்ளே போகாமல் இருக்க வேண்டும். சாக்கெட்டின் வெளிவிட்டம் உங்கள் அலாய் குழிக்குள் நுழையுமா என்பதை வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். இந்த வகையின் சுவர் தடிமனானது, பல அலாய்களில் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

எதை அடித்தாலும் சில விஷயங்கள். குழியின் உள்சுவரைச் சுற்றி, வெட்டிய அலுமினிய டப்பாத் தகடு ஒரு சுற்று வைத்தால் சக்கரம் காயப்படாது. சாக்கெட்டை நேராகப் பிடித்து, 1 கிலோ சுத்தியலால் நான்கைந்து திடமான அடி. சின்னச் சுத்தியலால் ஐம்பது அடி அடிப்பது நட்டை நகர்த்தாது, பேரிங்கில் தடம் போடும். ராட்செட்டை மாட்டிக்கொண்டு அதன் தலையில் அடிக்காதீர்கள், உள்ளே பல்சக்கரத்தைப் பிடிக்கும் கொக்கி உடைந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். குரோம் பூச்சு சாக்கெட் கடினமானது, சில்லு தெறிக்கும். இந்த சாக்கெட் இந்த ஒரு வேலைக்கு மட்டும், நல்ல செட்டிலிருந்து எடுக்காதீர்கள்.

கழன்று வந்த நட் சாக்கெட்டுக்குள் சிக்கியிருக்கும். சதுரத் துளை வழியாகக் கம்பி விட்டு, சாக்கெட்டை வைஸில் ஏந்தி, பின்னாலிருந்து அடித்தால் விழும்.

ஒருவேளை இதுவும் வழுக்கினால் மிச்சம் இருப்பது டிரில். ஸ்டட்டைத் தியாகம் செய்ய மனம் இருந்தால் மட்டும். நட்டின் மேல்தோல் கடினம், சாதா டிரில் பிட் மேலே வழுக்கி அலாயில் கோலம் போடும். அதனால் கார்பைடு பர் வைத்து நடுவில் அந்தத் தோலை மட்டும் குடைந்து எடுத்துவிட்டு, கோபால்ட் பிட்டுக்கு மாறுங்கள். 5, 8, 11, 13 மி.மீ. என்று நான்கு படி. வேகம் குறைவாக: 5 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 600 சுற்று, 8க்கு 400, 13க்கு 250. வெட்டும் எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். சுருள் சுருளாகத் தூள் வந்தால் சரி, தூசியாக வந்தால் பிட் மழுங்கிவிட்டது. எம் 16 × 1.5 ஸ்டட்டின் மரை வேர் விட்டம் சுமார் 14.2 மி.மீ., ஆகவே 13இல் சுவர் சுமார் 0.6 மில்லிதான் மிஞ்சும், உளியால் தட்டினாலே நட் உடைந்து வரும். நடு பிசகக் கூடாது என்பதுதான் இதில் கஷ்டம். குழிக்குள் சரியாக நுழையும் ஒரு வளையத்தை லேத்தில் கடைந்து, அதன் நடுத் துளை வழியாக டிரில் விட்டால் பிசகாது. கையால் கண்ணளவில் துளைத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு ஒரு பக்கம் போய்விடும்.

ஸ்டட் போனால் ஹப் கழற்ற வேண்டிய வேலை வரும். ஹப்பைத் தொட்டால் சீல், லாக் வாஷர், பேரிங் ஆட்டம் சரிபார்ப்பு எல்லாம் கூடவே வரும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

---

மண்தடம்97:

தலைகீழ் மரை சாக்கெட் குழிக்குள் நுழையவில்லை, வெளிவிட்டம் பெரிது. 15/16 சாக்கெட்டின் வாயைத் தேய்த்து அடித்ததில் ஐந்தாவது அடியில் இறங்கியது, பாரில் ஒரு இழுப்பில் நட் வந்துவிட்டது. ஸ்டட் மரை நன்றாக இருக்கிறது.

ஆனால் நட் எல்லாம் வந்த பிறகும் அந்தச் சக்கரம் ஹப்பை விட்டு வரமாட்டேன் என்கிறது. மறுபடி என்ன நட் போடுவது என்பதும் சொல்லுங்கள்.

---

ஸ்பானர்செட்:

அலாயும் இரும்பு ஹப்பும் ஈரத்தில் சேர்ந்தால் நடுவட்டத்தில் வெள்ளைத் துரு கட்டிப் பிடித்துக்கொள்ளும். சாதா நட் நான்கையும் கையால் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று மட்டும் தளர்த்தி விடுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, மெதுவாக ஒரு மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி பிரேக் அழுத்தினால் படக்கென்று விடும். நட்டைக் கழற்றிவிட்டு இதைச் செய்யக் கூடாது, வேகமும் கூடாது. ஜாக்கியில் இருக்கும்போது கீழே படுத்து உள்பக்கத்திலிருந்து உதைப்பது வேண்டவே வேண்டாம்.

சக்கரம் வந்ததும் ஹப்பின் நடுவட்டத்தையும், சக்கரம் ஒட்டும் முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று ஆக்குங்கள். நடுவட்டத்தில் மட்டும் ஆன்டி சீஸ் கிரீஸ் மெல்லிய பூச்சு. நட் கூம்பில் ஒரு துளியும் வேண்டாம். மரையில் கிரீஸ் பூசிவிட்டு அதே 130க்கு இறுக்கினால் உராய்வு குறைந்ததால் ஸ்டட் அளவுக்கு மேல் இழுபடும். டார்க் ரெஞ்ச் 130 என்றுதான் காட்டும், ஸ்டட்டுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

நட்: எம் 16 × 1.5 மரை, தலை 27 மி.மீ. அலாய்க்கான நட்டும் ஸ்டீல் வீலுக்கான நட்டும் வேறு வேறு, மரை ஒன்று என்பதற்காக மாற்றிப் போட வேண்டாம். பழைய நட்டோடு பக்கத்தில் வைத்துக் கூம்பின் சாய்வையும் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கூம்பில் மெல்லிய கறுப்புக் கோடு போட்டு, நட்டை மாட்டிக் கழற்றினால் எங்கே தொடுகிறது என்று தெரிந்துவிடும். முழு வளையமாகக் கறுப்பு அழிந்தால் சரி, ஒரு கோடாக மட்டும் அழிந்தால் அந்த நட் உங்கள் சக்கரத்துக்கானது இல்லை. மாட்டும்போது கையாலேயே எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும், 16 மி.மீ.க்கு 1.5 வீதம் என்றால் கிட்டத்தட்ட 11 சுற்று.

சக்கரம் காற்றில் இருக்கும்போது எதிர் எதிராக ஓரளவு இறுக்கி, தரையில் இறக்கியபின் நட்சத்திர வரிசையில் 130. பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். சுத்தம் செய்த முகங்கள் உட்காரும்போது கொஞ்சம் தளரும்.

லாக் மறுபடி போடலாமா என்றால், நான்கு சக்கரத்துக்கும் சாதா நட் போடுங்கள் என்பேன். இந்த வண்டி சேற்றில் மாட்டும் வண்டி. முழங்கால் வரை சேற்றில், இருட்டில், பள்ளத்துச் சேற்றை ஊசியால் சுரண்டிக்கொண்டு யார் நிற்பது? லாக் நட் திருடனை நிறுத்தியதைவிட வண்டிக்காரனை நிறுத்தியதுதான் அதிகம்.

---

ஏற்றஇறக்கம்:

நான்கு சக்கரத்துக்கும் சரி. ஸ்டெப்னியில் அந்தப் பழைய லாக்கையே வைத்துக்கொள்ளுங்கள். பின்கதவில் வெளியே தொங்குகிறது, ஜாக்கி கூட வேண்டாம், ஒரு ஸ்பானரோடு வருகிறவன் இரண்டு நிமிடத்தில் எடுத்துப் போய்விடுவான். சாவியை வீல் ஸ்பானர் பையிலேயே கயிறு கட்டி வையுங்கள். டயர் பட்டறையில் வண்டி கொடுத்தால் திரும்ப வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கயிற்றின் நுனியை. சாவி அவர்களுடைய எக்ஸ்டென்ஷன் கம்பியிலேயே மாட்டிக்கொண்டு நின்றுவிடும். மிச்சம் மூன்று லாக் நட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒன்றில் களிமண் அச்சு எடுக்கவே தேவையில்லை, அதையே கொண்டுபோய் இரண்டாவது சாவி செய்துகொள்ளலாம்.

---

லேத்மேடை:

செய்வதாக இருந்தால் ஈஎன் 24 என்ற உறுதியான கலவை எஃகில் சொல்லுங்கள், வெட்டிய பின் கடினப்படுத்தி. சாதா இரும்புக் கம்பியில் செய்து கொடுப்பார்கள், முதல் இழுப்பிலேயே பல் முறுக்கிக்கொள்ளும். நட்டையும் சாவியையும் சேர்த்தே பட்டறையில் வைத்து, கிளம்பும் முன் அங்கேயே வைஸில் நட்டைப் பிடித்து ஒருமுறை 130க்கு இழுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.